ஒரு விரல் உயரத்தில் லெப்டொப்

2008 ஜூலை 12, சனிக்கிழமை. காலை நாலு இருபதுக்கு எழுந்தேன். சுவரில் இருந்த வெப்பமானி பதின்மூன்று பாகை காட்டியது. வெளியே மழை, பெரிய மழை இல்லை. கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு நாலு நாற்பதுக்கு பெக்டரி மேல்மாடிக்கு ஏறினேன். முதல் நாள் பறித்த தேயிலைக் கொழுந்து வாடிக்கொண்டிருந்தது. எங்கள் பெக்டரியில் கொழுந்து வாட்டும் நீளத் தட்டுகள் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் கீழிருந்து விசிறி காற்றை மேலே தள்ளும். டீமேக்கர் என்ற முறையில் தட்டுக்கு ஒரு கைப்பிடி எடுத்து, இறுக்கிப் பிடித்து, விரித்து, மோந்து பார்ப்பது என் வேலை. ஏழாம் தட்டில் பாதி வாடவே இல்லை. குனிந்து பார்த்தேன். விசிறியின் வாயில் யாரோ ஈரச் சாக்கைக் காயப்போட்டிருந்தார்கள். அதை இழுத்து எறிந்துவிட்டு டயரியில் ‘7 – சாக்கு’ என்று எழுதினேன்.

ஆறே காலுக்கு குவாட்டர்ஸுக்குத் திரும்பினேன். மனைவி அடுப்படியில் தோசை மாவுச் சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

“ரெண்டு நாளாச்சுங்க. அரைச்சு வச்ச மாதிரியே கிடக்கு. விறகடுப்பு இருந்தப்ப பக்கத்துல வச்சா பொங்கிடும். கேஸ் அடுப்பு வேணும்னு கேட்டது நான்தானே, நான்தான் அனுபவிக்கணும்.”

பாணும் சம்பலும் சாப்பிட்டேன். ஏழரைக்கு ஹட்டன் பஸ். அன்று நான் அரைநாள் லீவு போட்டிருந்தேன். காரணம் என்ற இடத்தில் ‘சொந்த வேலை’ என்று எழுதினேன். இந்தப் பயணத்தைப் பற்றி நான் சொன்னவற்றில் அது ஒன்றுதான் முழு உண்மை. மற்ற எல்லாரிடமும், மனைவி உட்பட, பெக்டரி ரிப்போர்ட் அடிப்பதற்கு ஒரு லெப்டொப் வாங்கப் போகிறேன் என்றே சொல்லியிருந்தேன். ரிப்போர்ட்டை நான் இருபத்துமூன்று வருடமாக மூன்று கார்பன் பிரதிகளோடு கையால் எழுதி வந்தேன். தோட்டத்தை நடத்தும் துரை உட்பட ஒருவரும் குறை சொன்னதில்லை.

உண்மை என் கோட்டின் உள்பையில் தினசரித் தாளில் சுற்றி இருந்தது. ஒரு சீடி. பதினான்கு மாதத்துக்கு முன்னால் நுவரெலியாவில் ஒரு இன்டர்நெட் கடையில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து மேசையில் ஒருவர் கொம்பியூட்டரில் ரயில் ஓட்டிக்கொண்டிருந்தார். கார் பந்தயம் இல்லை, துப்பாக்கிச் சண்டை இல்லை. வேகத்தைக் கூட்டுவது, குறைப்பது, பிரேக் பிடிப்பது, சமிக்ஞை பார்ப்பது, நிலையத்தில் சரியான நேரத்துக்கு நிறுத்துவது. மின்னஞ்சல் அனுப்ப வந்த நான் அதை அனுப்பாமலே முக்கால் மணி நேரம் பார்த்தேன். வெளியே வந்ததும் நடைபாதையில் அதே விளையாட்டின் சீடி ஒன்றை வாங்கினேன். அதைப் போட்டுப் பார்க்க என்னிடம் எதுவும் இல்லை.

இருபது வயதில் ரயில்வேக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு விண்ணப்பப் பாரம் எடுத்தேன். ஒன்பதாவது கேள்வி பிரஜாவுரிமை. தோட்டத்துத் தமிழரான எங்கள் குடும்பத்திடம் அப்போது இந்தியா, இலங்கை எந்த நாட்டின் காகிதமும் இல்லை. எல்லாக் கேள்விக்கும் தெளிவாகப் பதில் எழுதிவிட்டு ஒன்பதில் ஒரு சிறு கோடு போட்டேன். கோடு போட்ட பாரத்தை அனுப்புவதில் அர்த்தமில்லை என்று பிறகு தோன்றியதால் அனுப்பவில்லை. காகிதம் வந்து சேர்ந்தபோது வயதெல்லை தாண்டியிருந்தது. இதில் யாரையும் நான் குறை சொல்லவில்லை. தேயிலை என்னை நன்றாகவே வைத்திருந்தது. ஆனால் எங்கள் குவாட்டர்ஸுக்குக் கீழே ரயில் பாதை போகிறது; ரயிலை எங்கள் பக்கம் கோச்சி என்பார்கள். தலவாக்கலைப் பக்கமிருந்து வண்டி வரும் நேரத்தையும் அது பிந்திய நிமிடங்களையும் நான் தினமும் டயரியில் எழுதி வந்தேன். மழை அளவுக்குப் பக்கத்தில் எழுதியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை என்று நினைத்திருந்தேன்.

சீடியின் உறைக்குப் பின்னால் ‘தேவையானவை’ என்று ஒரு பட்டியல் இருந்தது. அதை டயரியின் கடைசிப் பக்கத்தில் படியெடுத்துக்கொண்டேன். படத்துக்கென்று தனிக் கார்ட் உள்ள இயந்திரம் வேண்டும். அதுதான் விலையை ஏற்றுவது. சாதாரண மேசைக் கொம்பியூட்டர் எங்கள் வீட்டில் சரிவராது. பெக்டரியில் கொழுந்து உருட்டும் இயந்திரம் கிளம்பும்போதெல்லாம் குவாட்டர்ஸ் பல்புகள் மங்கிச் சிவந்து போகும், கொம்பியூட்டர் அணைந்து மறுபடி எழும். மலை இறக்கத்தில் ரயில் போகும்போது அப்படி நடந்தால் என்ன செய்வது? பற்றரி உள்ள லெப்டொப்தான் வேண்டும். என் கையில் இருந்தது எண்பத்தையாயிரம் ரூபாய். கொழும்பில் விலை குறைவு என்றார்கள். ஆனால் போர் நடந்த அந்த வருடம் கொழும்பில் தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டையோடும், வயர் தொங்கும் பெட்டியோடும் நடப்பதற்கு விலைக்கழிவு போதாது என்று முடிவு செய்தேன்.

என்னோடு மாஸ்டர் வந்தார். தோட்டப் பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். கொம்பியூட்டர் வகுப்பு எடுத்து முடித்தவர் எங்கள் பக்கத்தில் அவர் ஒருவர்தான். உண்மை தெரியாத ஆலோசகரைக் கூட்டிப் போவது புத்திசாலித்தனம் இல்லை என்று பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது.

ஹட்டன் பெரிய தெருவில் கடை. ரேடியோ, போன், மணிக்கூடு, கூடவே லெப்டொப் மூன்று. மூன்றும் கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பு வெல்வெட் துணியில் கல்யாண நகை மாதிரி இருந்தன. முதலாளி ஸ்வெட்டர் போட்ட முஸ்லிம் பெரியவர், ஊருக்கே ‘நானா’.

“வாங்க சேர், என்ன வேலைக்கு?”

“பெக்டரி ரிப்போர்ட்.”

மாஸ்டர் உடனே முதலாவதைக் காட்டினார். “அப்ப இது காணும். புதுசு, விலையும் எண்பத்திரண்டு. ரைப் அடிக்க, கணக்குப் போட இது தாராளம்.”

அதில் தனிக் கார்ட் இல்லை. நான் தொண்டையைச் செருமினேன். “கொஞ்சம் பலமான மெஷினா இருந்தா நல்லதுன்னு பாக்குறேன், மாஸ்டர்.”

“ரிப்போட்டுக்கு என்னத்துக்குப் பலம்? தேயிலைப் பெட்டியை அதிலை வைச்சுத் தூக்கப் போறியளோ?”

இரண்டாவது எல்லாப் பொருத்தமும் உள்ளது. ஒரு லட்சத்து நாற்பதாயிரம். அதை நான் பார்க்காத மாதிரி பார்த்தேன். மூன்றாவது தடித்த கறுப்பு இயந்திரம், ஓரத்தில் சிவப்புக் கோடு. விலைச் சீட்டில் ஒரு லட்சத்துச் சொச்சத்தை வெட்டி எழுபத்தெட்டு என்று எழுதியிருந்தது.

“அது வாணாம் சேர்,” என்றார் முதலாளி. “அது கேம் அடிக்கிறதுக்கு. அதோட பழுது. அக்கரப்பத்தனையில இருந்து ஒரு கொந்தராத்துக்காரர் எடுத்துட்டுப் போனாரு. மூணு வாரத்துல திருப்பிக் கொண்டு வந்துட்டாரு. இருபது நிமிஷம் ஓடினா சுட்டுக்கிட்டு அணைஞ்சு போகுதாம். கொழும்புக்கு அனுப்பினா, அவனுவ பழுதில்லைன்னு திருப்பி அனுப்புறான். இங்க நான் போட்டா எனக்கும் அணையுது. திங்கக்கிழமை மறுபடி அனுப்பிடுவேன். பொய் சொல்லி விக்க மாட்டேன்.”

அதன் உள்ளே இருப்பவற்றை மாஸ்டர் வாசித்தார். என் டயரியின் கடைசிப் பக்கம் எனக்கு மனப்பாடம். ஒவ்வொன்றும் பொருந்தியது. எனக்கு வேண்டிய இயந்திரம் என் காசுக்குள் இருந்தது, ஆனால் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடாது. உறையில் போட்டிருந்தபடி, அந்த விளையாட்டில் முதல் பாதையே ஐம்பது நிமிடம்.

“அவரு எப்படி வச்சிருந்தாராம், நானா?” என்று கேட்டேன்.

“ரொம்பப் பத்திரமா சேர். பெஞ்சில கம்பளிய நாலா மடிச்சு, அதுக்கு மேல அவர் சம்சாரம் பூ வேலை செஞ்ச துணி. அதுக்கு மேல இது. குளிர் பிடிக்கக் கூடாதுன்னு.”

இதைக் கேட்டு நான் சிரிக்கவில்லை. எங்கள் மலையில் விலையுயர்ந்த எந்தப் பொருளும் துணியில்லாமல் இருக்காது. ரேடியோவுக்குச் சட்டை, டீவிக்குத் திரை, தையல் மெஷினுக்குப் போர்வை, டெலிபோனுக்குக் கீழே மெத்தை. என் வீட்டு மணிக்கூட்டுக்கே என் மனைவி பின்னிய கழுத்துப்பட்டி உண்டு. நமக்குக் குளிர்வது போல அவற்றுக்கும் குளிரும் என்று நாங்கள் நம்புகிறோம். நல்ல மனது. வெல்வெட் விரித்த முதலாளிக்கும் அதே மனது.

“கொஞ்சம் குடுங்க,” என்று வாங்கித் திருப்பிப் பார்த்தேன். வயிற்றுப் பக்கம் வரிசை வரிசையாக ஓட்டைகள். உள்ளே ஒரு சிறிய விசிறி. பக்கவாட்டில் காற்று வெளியேறும் வாய். ஓட்டைகளில் சிவப்பு வெல்வெட்டின் பஞ்சு ஒட்டியிருந்தது. மோந்து பார்த்தேன். கருகிய வாசனை இல்லை.

“என்ன, கொழுந்தோ மோந்து பாக்கிறியள்?” என்றார் மாஸ்டர்.

“ஏழாம் தட்டு,” என்றேன். அவருக்கு விளங்கவில்லை. “கீழ இருந்து காத்து போகணும் மாஸ்டர். சாக்கு அடைச்சிருக்கு. ரெண்டு கெசட் பெட்டி தாங்க, நானா.”

பாட்டுக் கெசட் பெட்டிகள் இரண்டை இரு பக்கமும் வைத்து அதன் மேல் இயந்திரத்தை ஏற்றினேன். கீழே ஒரு விரல் போகும் இடைவெளி. முதலாளி மூளையைக் கசக்குவது போல நெற்றியைத் தேய்த்தார்.

“சரி சேர், போட்டுப் பாக்கலாம். ஆனா ரிப்போர்ட் அடிச்சா சூடாகாது. கேம் போட்டாத்தான் தெரியும். கடையில இருந்த கேம் சீடிய மருமகன் கொண்டு போயிட்டாரு.”

மூன்று மணிக்கூடுகள் மூன்று நேரம் காட்டின. என் கைக்கடிகாரத்தில் ஒன்பது ஐம்பத்திரண்டு. எனக்கு நாற்பத்தொன்பது வயது. மகளை மாத்தளையில் கட்டிக் கொடுத்தாயிற்று. என் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டித் தேயிலை தோட்டத்தை விட்டுப் போகாது. மாஸ்டர் வாய் திறந்தால் திங்கட்கிழமை காலைப் பெரட்டில் வேலைக்கு வரிசையாக நிற்கிற அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். அதே திங்கட்கிழமை இந்த இயந்திரமும் கொழும்புக்குப் போய்விடும்.

உள்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து, தாளைப் பிரித்து, சீடியை மேசையில் வைத்தேன்.

மாஸ்டர் உறையைப் பார்த்தார். பனிமலை, பாலம், சிவப்பு எஞ்சின். “உது ஆற்றை?”

“என்னோடது.”

“பேரப்பிள்ளைக்கோ?”

“பேரப்பிள்ளை இன்னும் இல்ல. எனக்குத்தான் மாஸ்டர். நான் ஓட்டுறதுக்கு.”

முதலாளிதான் முதலில் வாய் திறந்தார். “அப்ப ரிப்போர்ட் கோச்சியிலதான் போகப் போகுதா, சேர்?”

மாஸ்டர் சிரித்த சிரிப்பில் கண்ணாடிப் பெட்டி அதிர்ந்தது. “முதலே சொல்லியிருந்தா நான் இவ்வளவு நேரம் எண்பத்திரண்டை வித்துக்கொண்டு நிண்டிருப்பனோ?”

விளையாட்டை ஏற்றி முடிக்க இருபத்துநாலு நிமிடம். அதற்குள் முதலாளி தேநீர் வரவழைத்தார். அடிமட்டத் தூள், இரண்டு முறை கொதிக்க வைத்தது. குடித்தேன். பத்து இருபதுக்கு ரயில் புறப்பட்டது. இடது கையால் இயந்திரத்தின் அடியைத் தொட்டபடி வலது கையால் ஓட்டினேன். முதல் நிலையத்தில் பிரேக்கைப் பிந்திப் பிடித்து, இரண்டு பெட்டி நீளம் தாண்டி நிறுத்தினேன்.

“பயணிகள் எல்லாம் தண்டவாளத்திலை குதிக்கோணும்,” என்றார் மாஸ்டர்.

இருபது நிமிடம் ஆனபோது மூவரும் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தோம். இருபத்தொன்று. இருபத்தைந்து. அடிப்பக்கம் சுட்டது, ஆனால் கையை எடுக்க வைக்கும் சூடு இல்லை. பக்கவாட்டுக் காற்று நன்றாக வந்தது. முப்பதாவது நிமிடத்தில் இரண்டாம் நிலையத்தில் சரியாக நின்றேன். மாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இதிலை எங்கடை லைன் இருக்கோ?”

“இல்ல. எல்லாம் வெளிநாடு. நம்ம மலையும் இல்ல, உங்க வடக்கும் இல்ல.”

“வடக்கு வெளியிலையும் இல்லைத்தானே,” என்றார் மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்கு ரயில் ஓடாமல் போய் அப்போது பதினெட்டு வருடம். “தள்ளுங்கோ, நானும் ஒருக்காப் பிடிச்சுப் பாப்பம்.”

அவர் சுரங்கத்துக்குள் சிவப்பு சமிக்ஞையைக் கடந்து போனார்.

ஐம்பது நிமிடமும் ஓடியது, அணையவில்லை. என் பிழை அப்போதுதான் தெரிந்தது. முதலாளி விலைச் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு யோசித்தார்.

“சேர், கோவிச்சுக்கக் கூடாது. எழுபத்தெட்டு பழுதான மெஷினுக்கு. இப்ப இது பழுதில்லாத மெஷின். நீங்கதானே காட்டினீங்க? ஒரு லட்சத்துப் பத்து.”

அவர் சொன்னதில் தவறு காண முடியவில்லை. காசை முதலில் கொடுத்துவிட்டு நோயை வீட்டில் போய்த் தேடியிருக்க வேண்டும். எதையும் சோதிக்காமல் ஏற்றுக்கொள்ளாத பழக்கம் எனக்கு முப்பத்திரண்டாயிரம் ரூபாய் செலவு வைக்கப் பார்த்தது.

மாஸ்டர் எனக்காக வாதாடினார். “வைத்தியம் பாத்த டொக்டரிட்டையே கூடக் காசு கேக்கிறியளே, நானா!” முதலாளி நூறுக்கு இறங்கினார், தொண்ணூற்றைந்துக்கு இறங்கினார், அங்கே நின்றுவிட்டார். என்னிடம் எண்பத்தையாயிரமும் பஸ் காசும். நான் மேசையில் இருந்த தேநீர்க் கோப்பையைப் பார்த்தேன்.

“இந்தத் தேத்தண்ணிய எத்தனை நாளா குடிக்கிறீங்க, நானா?”

“ஏன் சேர்?”

“எனக்கு மாசா மாசம் வீட்டுப் பாவனைக்குத் தோட்டத்துல தேயிலை கிடைக்கும். நானே செஞ்சது. ஆறு மாசத்துப் பங்கு உங்களுக்கு. எண்பத்தஞ்சும் ஆறு மாசத் தேயிலையும்.”

அவர் கோப்பையில் மீதி இருந்ததைக் குடித்து, முகத்தைச் சுளித்து, கையை நீட்டினார். கட்டித் தரும்போது, “இது சேருக்குச் சும்மா,” என்று சிவப்பு வெல்வெட் துணியையும் மடித்து உள்ளே வைத்தார்.

ஒன்று பதினைந்து பஸ்ஸில் திரும்பினோம். வழியில் சோதனைச் சாவடி. பெட்டியைத் திறக்கச் சொன்ன சிப்பாய், இது எதற்கு என்று சிங்களத்தில் கேட்டார். அன்று காலையிலிருந்து அந்தக் கேள்விக்குச் சொல்லிய பதில் நாக்கு நுனியில் இருந்தது. “கோச்சி ஓட்டுவதற்கு,” என்று சிங்களத்திலேயே சொன்னேன். அவர் என்னையும், வெல்வெட்டையும், அடையாள அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். “புகையிரத நிலையம் அந்தப் பக்கம், அங்கிள்,” என்று கை காட்டிவிட்டு அனுப்பினார். மாஸ்டர் பஸ் இறங்கும்வரை என்னை “டிரைவர் ஐயா” என்று கூப்பிட்டார்.

மூன்று மணிக்கு வீடு. மனைவி மேசையைத் துடைத்து, பூ வேலை செய்த புதுத் துணி விரித்து வைத்திருந்தாள். நான் அதைச் சுருட்டி எடுத்தேன். விறகு வெட்டிய மிச்சத்தில் ஒரு விரல் தடிப்பில் இரண்டு கட்டை தேடி வைத்து, லெப்டொப்பை ஏற்றினேன்.

“எதுக்குங்க கட்டை?”

“காத்து போறதுக்கு.”

“நமக்குப் போர்வை பத்தல, இதுக்குக் காத்து வேணுமாக்கும்.”

சொல்லிவிடுவது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். “இது ரிப்போர்ட்டுக்கு இல்ல. கோச்சி ஓட்டுற விளையாட்டு.”

அவள் துணியை உதறி மடித்தாள். “கீழ போற கோச்சிய வருஷக் கணக்கா மணி பாத்து எழுதுறீங்க. டிரங்குப் பெட்டி அடியில ஒரு பாரம் கிடக்கு, ஒம்பதாவதுல கோடு போட்டு. கல்யாணமான வருஷமே பாத்துட்டேன். இதுக்கு ஒரு ரிப்போர்ட் கதை வேற.” பிறகு, “தேயிலை டின்னுல கொஞ்சம்தான் இருக்கு. இந்த மாசப் பங்கு எப்ப வரும்?” என்று கேட்டாள்.

அந்த விஷயத்தையும் சொன்னேன். முதல் விஷயத்தை விட இது அவளை அதிகம் பாதித்தது. டீமேக்கர் வீட்டில் ஆறு மாதம் கடைத்தூள்.

ஐந்து மணிக்கு ஓட்ட உட்கார்ந்தேன். பெக்டரியில் உருட்டும் இயந்திரம் கிளம்பியது, பல்பு சிவந்து மங்கியது. என் ரயில் நிற்கவில்லை. தேநீர் கொண்டு வந்து வைத்தவள் கையைப் பக்கவாட்டில் நீட்டியபடி நின்றுவிட்டாள்.

“என்னங்க, இதுல இருந்து சூடா வருதே.”

“வரத்தான் செய்யும். வெளிய போனாத்தான் நல்லது.”

உள்ளே போனாள். முக்காலியோடும் மாவுச் சட்டியோடும் வந்தாள். காற்று வரும் வாய்க்கு நேரே முக்காலியைப் போட்டு, சட்டியை வைத்து, முதலாளி கொடுத்த வெல்வெட்டால் சட்டியைச் சுற்றினாள்.

“எவ்வளவு நேரம் ஓட்டுவீங்க?”

“இன்னும் அரை மணி.”

“பத்தாது.”

ஏழரை வரை ஓட்டினேன். சட்டி இளஞ்சூடாக இருந்தது. மாவு அசையவில்லை.

மறுநாள் ஞாயிறு. பெக்டரி என் உதவியாளரின் முறை. ஐந்து மணிக்கு மனைவி என் தோளைத் தட்டினாள். கையில் விளக்கும் சட்டி மூடியும். “வந்து பாருங்க, ஓரத்துல முட்டை முட்டையா விட்டிருக்கு. இன்னும் ஒரு மணி நேரம் சூடு பட்டா பொங்கிடும். எழும்பி ஓட்டுங்க.” வெப்பமானி பார்க்காமல், டயரி திறக்காமல், கம்பளித் தொப்பியை மட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்து மணி ஆறு நிமிடத்துக்கு, நாற்பது விநாடி பிந்தி, முதல் நிலையத்திலிருந்து வண்டியை எடுத்தேன்.